சுழலும் சிறை மாடல்: உருளை ஒருவழியாக உரசாமல் சுற்றுகிறது

அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்து கிராஃபோர்ட்ஸ்வில் சிறையை வைத்து நான் செய்யும் மாடலில் உருளை இன்று ஒரு முழுச் சுற்று எங்கும் இடிக்காமல் வந்தது. பெயின்ட் அடிக்கவில்லை, மேல்தளத்துக் கம்பிகள் பாதிதான் நிற்கின்றன, ஆனாலும் சந்தோஷம் தாங்காமல் எழுதுகிறேன்.

அமெரிக்காவின் இண்டியானாபொலிஸைச் சேர்ந்த வில்லியம் பிரவுனும் பெஞ்சமின் ஹாவும் 1881-ல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. ஆப்பு வடிவ அறைகள் தளத்துக்கு எட்டு, இரண்டு தளம், எல்லாம் சேர்ந்து ஒரே இரும்பு உருளை. சுற்றிலும் அசையாத கம்பிக்கூண்டு, தளத்துக்கு ஒரே வாசல். காவலர் கைப்பிடியைச் சுற்றி, வேண்டிய அறையை வாசலுக்கு நேரே கொண்டுவருவார், கைதியை நெருங்கவே வேண்டாம்.

படுத்தி எடுத்தது நடுத்தண்டுதான். கழிவுக் குழாய் உருளையின் மையம் வழியாக இறங்குவதால் அங்கே கனமான ஷாஃப்ட் (சுழல்தண்டு) போட முடியாது. 1:24 அளவில் மெல்லிய பித்தளைக் குழாய்தான் மிஞ்சுகிறது. மொத்த எடையும் அதன் தலையில் விழுந்தால் விளிம்பு தள்ளாடி, கூண்டுக் கம்பியில் உரசி நின்றுவிடும். உருளைக்கும் கூண்டுக்கும் நடுவே இடைவெளியைக் கூட்டச் சிலர் சொன்னார்கள், 1 மி.மீ.க்கு மேல் விட எனக்கு மனமில்லை, விட்டால் சிறை மாதிரியே தெரியாது. கடைசியில் எடையை விளிம்புக்கு மாற்றினேன்: அடித்தட்டின் கீழே வட்டமாகக் குட்டி பேரிங்குகள், குழாய் மையத்தைப் பிடிக்க மட்டும். அப்புறம் டயல் கேஜை (நுண்ணிய ஏற்ற இறக்கத்தை அளக்கும் முள் கருவி) விளிம்பில் வைத்து மெதுவாகச் சுற்றி, தாழ்ந்த இடத்து பேரிங்குக்கு அடியில் பித்தளைத் தகடு செருகுவது, மறுபடி சுற்றுவது. பொறுமை இருந்தால் இதைவிட நல்ல வழி இல்லை.

உருளைக்கும் கூண்டுக்கும் நடுவே உள்ள இந்த இடுக்கில்தான் அந்தக் காலத்துக் கைதிகளின் கையும் காலும் மாட்டி நசுங்கின. உருளை சிக்கிவிட்டால், தீப்பிடித்தாலும் வாசலுக்கு நேரே இல்லாத அறையிலிருந்து வெளியே வர வழி கிடையாது. எவ்வளவு சாமர்த்தியமான இயந்திரமோ அவ்வளவு கொடூரமானது என்றுதான் சொல்வேன்.

பெவல் கியர் (சுழற்சியை வேறு திசைக்குத் திருப்பும் சாய்பல் சக்கரம்) பற்றி ஒரு வார்த்தை: ஜோடியாக வாங்கியதில் ஒன்றின் துளை மையம் விலகியிருந்தது, கடைக்காரர் பதிலே போடவில்லை. இனி லேத்தில் நானே துளையிடப் போகிறேன்.

1882-ல் திறந்த அசல் சிறை இப்போது அருங்காட்சியகம், உருளை இன்றும் சுற்றுகிறது. அடுத்து அயோவாவின் கவுன்சில் பிளஃப்ஸ் சிறை, 1885, மூன்று தளம், தளத்துக்குப் பத்து அறை. அதன் அடித்தட்டை இப்போதே வரைய ஆரம்பித்துவிட்டேன், இதன் மேல்தளக் கம்பிகள் அடுத்த வாரம்.