குளிர்ந்த மூலைக்குப் போன கருப்பி

கருப்பி நான் வளர்க்கும் மலைப்பாம்பு; ‘பால் பைதான்’ (ball python) என்ற வகை. (பெயரில்தான் பால்; தின்பது எலி.) மூன்று ஆண்டுகளாக, கூண்டின் சூடான பக்கத்தில் வைத்த மறைவுப் பெட்டிக்குள்தான் பகலெல்லாம் சுருண்டு கிடப்பாள். போன வாரம் திடீரென்று குளிர்ந்த பக்கத்துப் பெட்டிக்குக் குடிபெயர்ந்துவிட்டாள். இரவிலும் வெளியே வரவில்லை. வைத்த எலியையும் தொடவில்லை.

சட்டை உரிக்கப் போகிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். அந்த நாட்களில் கண்ணில் நீலச் சாம்பல் படரும், தோல் மங்கும். டார்ச் அடித்துப் பார்த்தேன்: கண்கள் கருமணிபோல் பளபளத்தன.

பிறகுதான் வெப்பமானியை எடுத்தேன். முதலிலேயே எடுத்திருக்க வேண்டும். சூடான பக்கத்தில் 32 டிகிரி இருக்க வேண்டிய தரை 38 காட்டியது. கூண்டைத் துடைத்தபோது, ஹீட்டரைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டின் உணர்முனையை நானேதான் தண்ணீர்க் கிண்ணத்தருகே நகர்த்தி வைத்திருக்கிறேன். அது குளிரென்று நம்பி ஹீட்டரை விடாமல் ஓட்டியிருக்கிறது. வெந்து போகாமல் தப்பித்தது அவள் புத்தி.

முனையைப் பழைய இடத்தில் ஒட்டினேன். இரண்டாம் இரவு, பெட்டியின் வாசலில் முதலில் நாக்கு, பிறகு மூக்கு. வெகுநேரம் அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. விடிந்து பார்த்தபோது சூடான பக்கத்தில் சுருண்டிருந்தாள். எலியை இன்னும் ஐந்து நாள் கழித்துத்தான் வைக்கப் போகிறேன்.