விண்மீன் சுழற்சிப் பாடம்: நான் தவறவிட்ட ஒரு கேள்வி

"வயது கூடக்கூட விண்மீனின் சுழற்சி ஏன் குறைகிறது?" வானியற்பியல் தேர்வில் வந்த இந்தக் கேள்விக்கு நான் முதலில் எழுதிய விடை தவறு. பனித்தளத்தில் சுழன்றாடுபவர் கைகளை விரித்தால் வேகம் குறையும், அதுபோல விண்மீனும் உப்பி மெதுவாகிறது என்று எழுதிவிட்டேன். பலரும் தடுமாறும் இடம் இது.

அந்த உவமை பிறப்புக்கும் முதுமைக்கும் சரி. பிறந்த புதிதில் விண்மீன் சுருங்கும், வேகம் கூடும். கடைசியில் சிவப்பு ராட்சதனாக விரியும், வேகம் குறையும். இடையில் உள்ள நெடுங்காலத்தில் சூரியன் போன்றவற்றின் பருமன் பெரிதாக மாறுவதில்லை. ஆனாலும் சுழற்சி தளர்கிறது. அப்படியானால் கோண உந்தம், அதாவது நிறை, வேகம், அச்சிலிருந்து உள்ள தூரம் மூன்றும் சேர்ந்த சுழற்சியின் அளவு, எங்கே போகிறது? இதை நோட்டின் முதல் வரியாக எழுதிய பிறகுதான் பாடம் பிடிபட்டது.

விண்மீன் காற்றோடு, அதாவது விண்மீனிலிருந்து வெளியே வீசும் துகள்களோடு, போகிறது. மேற்பரப்பிலிருந்து கிளம்பும் பிளாஸ்மாவை (மின்னேற்றம் கொண்ட வாயுவை) விண்மீனின் காந்தப்புலம் உடனே விடுவதில்லை. விண்மீனின் ஆரத்தைப் போலப் பல மடங்கு தூரம் வரை தன்னோடு சுழற்றிக்கொண்டு போய்தான் விடுகிறது. அவ்வளவு தள்ளி விடுபடுவதால், மிகச் சிறிய நிறைகூடப் பெருமளவு கோண உந்தத்தைக் கொண்டு போய்விடும். இதை ஒருமுறை படமாக வரைந்து பாருங்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது அடுத்த படி. வேகமாகச் சுழன்றால் காந்தப்புலம் வலுக்கும், சுழற்சியைத் தளர்த்தும் இந்தக் காந்தத் தடையும் கூடும். ஆகவே வேறுவேறு வேகத்தில் தொடங்கிய விண்மீன்களும் சில நூறு மில்லியன் ஆண்டுகளில் ஏறக்குறைய ஒரே பாதைக்கு வந்துவிடுகின்றன. சுழற்சியை வைத்து வயதைக் கணிக்க முடிவது இதனால்தான்.

1972-இல் ஸ்குமனிச் என்ற வானியலாளர் கார்த்திகை, ஹையாடிஸ் என்ற விண்மீன் கூட்டங்களையும் சூரியனையும் ஒப்பிட்டு, சுழற்சி வேகம் வயதின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் குறைவதைக் காட்டினார். சூத்திரத்தை மனப்பாடம் செய்யாமல் கணக்காகப் போடுங்கள். சூரியனின் வயது 460 கோடி ஆண்டுகள், நடுக்கோட்டில் சுழற்சிக் காலம் சுமார் 25 நாள். வயது கால்பங்காக, 115 கோடியாக இருந்தபோது? வேகம் இரு மடங்கு, ஆகவே காலம் பாதி, ஏறக்குறைய 12.5 நாள்.

அப்புறம், சூத்திரத்தின் எல்லைகளையும் எழுதுங்கள். விண்மீனின் மேற்பரப்பு வெப்பநிலை சுமார் 6,250 கெல்வினைத் தாண்டினால், காந்தப்புலம் உருவாக உதவும் வெளிப்புற வெப்பச்சலன அடுக்கு (சூடான வாயு மேலும் கீழும் புரளும் அடுக்கு) மிக மெலிந்துவிடும், காந்தத் தடையும் வலுவிழக்கும். அத்தகைய விண்மீன்கள் வயதானாலும் வேகமாகவே சுழலும். கெப்ளர் தொலைநோக்கித் தரவுகளை வைத்து 2016-இல் வந்த ஆய்வோ, சூரியனைவிட மூத்த சில விண்மீன்கள் எதிர்பார்த்ததைவிட வேகமாகச் சுழல்வதைக் காட்டியது. முதுமையில் இந்தத் தடை ஏன் தளர்கிறது என்பது இன்னும் ஆய்விலேயே இருக்கிறது. மறுதேர்வில் என் விடையின் கடைசிப் பத்தி அதுதான்.