ஸ்பாடைனாத் தெரு
ரொறன்ரோவில ஸ்பாடைனாவும் டண்டாஸும் சந்திக்கிற மூலையில ஒரு பழைய கட்டடம். 1920களில யூதர்களின்ர இத்திஷ் மொழி நாடகக் கொட்டகை, பிறகு கவர்ச்சி நடன அரங்கு, பிறகு சீனப் படம் ஓடின தியேட்டர். இப்ப கீழ கடைகள்.

சீனக் கடைகள் முந்தி எலிசபெத் தெருப் பக்கம்தான். 1965இல திறந்த புது நகர மண்டபத்துக்காக அந்த இடத்தில பெரும்பகுதியை இடிச்சுப்போட்டாங்கள். சனம் மேற்கால நகர்ந்து ஸ்பாடைனாவுக்கு வந்தது.

இந்தப் பக்கமா ஒரு பெருந்தெருவையும் இறக்கப் பார்த்தவை. ஊர்ச்சனம் விடேல்ல. 1971இல மாகாண அரசு கைவிட்டது. இல்லாட்டி அனெக்ஸ் எண்ட குடியிருப்புப் பகுதி வீடுகளெல்லாம் மண்ணோட மண். அந்தப் பெருந்தெருவில வடக்கில கட்டி முடிச்ச துண்டுதான் நாங்கள் நெரிசல்ல நிண்டு திட்டுற அலன் ரோட்!

ஸ்பாடைனாவுக்குப் பக்கத்தில இருக்கிற கென்சிங்டன் சந்தைக்குள்ள ரெண்டு பழைய யூத ஆலயங்கள் இன்னும் இருக்கு. மீன் வாங்கப் போறவை ஒருக்கா எட்டிப் பாருங்கோ.