12-ல் நின்ற சுவர்

மூன்று வாரம் அலைந்து இன்றைக்குத்தான் முடித்தேன். அருகிலுள்ள கேலக்ஸிகளின் 21 செ.மீ. தரவை (அணு ஹைட்ரஜன் வெளியிடும் ரேடியோ அலையின் பதிவு) விண்மீன் உருவாக்கத்தோடு ஒப்பிடப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுத் தொடங்குங்கள்.

நான் எடுத்தது என்ஜிசி 6946 என்ற கேலக்ஸி. விஎல்ஏ என்ற அமெரிக்க ரேடியோ தொலைநோக்கியால் 34 கேலக்ஸிகளைப் பார்த்த திங்ஸ் கணக்கெடுப்பின் படம் இலவசமாகவே கிடைக்கிறது. புற ஊதா, 24 மைக்ரான் படங்களிலிருந்து விண்மீன் உருவாகும் வேகத்தைக் கணக்கிட்டது, எல்லாப் படங்களும் ஒரே கூர்மையில் இருக்க 750 பார்செக் (ஒரு பார்செக் சுமார் 3.26 ஒளியாண்டு) அளவுக்கு மங்கலாக்கியது எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தது.

முதல் அடி அலகில். ஹைட்ரஜன் அடர்த்தி ஆயிரம் மடங்கு அதிகமாக வந்தது. ஹெடரை (படக் கோப்பின் தலைப்பில் இருக்கும் விவரக்குறிப்பு) திறந்தால் வாயுவின் வேகம் விநாடிக்கு மீட்டரில் இருக்கிறது, என் சூத்திரமோ கிலோமீட்டரில் கேட்கிறது. ஹெடரை முதலில் படியுங்கள், அரை நாள் மிச்சம்.

அப்புறம்தான் பெரிய தலைவலி. அணு ஹைட்ரஜனைக் கிடை அச்சிலும் விண்மீன் உருவாகும் வேகத்தைச் செங்குத்து அச்சிலும் போட்டால், புள்ளிகள் சதுர பார்செக்குக்கு 12 சூரிய நிறை என்ற இடத்தில் சுவர் எழுப்பினாற்போல நின்றுவிட்டன. ஹைட்ரஜன் அதே அளவுதான், ஆனால் விண்மீன்கள் ஓரிடத்தில் இன்னோரிடத்தைவிடப் பத்து மடங்குக்கும் மேல் வேகமாகப் பிறக்கின்றன. வாயு கூடினால் விண்மீனும் கூட வேண்டும் என்று நினைத்திருந்ததால் பிழை என்னிடம்தான் என்று முடிவுகட்டி, பின்னணியைத் திரும்பக் கழித்து, படங்களைத் திரும்பப் பொருத்தி, பத்து நாள் போயிற்று. வழிகாட்ட வேண்டியவரிடம் கேட்டதற்கு "மறுபடி சரிபார்" என்ற ஒற்றை வரிதான் பதில்.

கடைசியில் இதே தரவை வைத்து 2008-ல் வந்த ஆய்வுக்கட்டுரையை எடுத்தேன். அதிலும் அதே சுவர்! ஆனால் 9-ல். அதற்கு மேல் சேரும் வாயு அணுவாக நிற்காமல் மூலக்கூறு ஹைட்ரஜனாகிவிடுகிறது, விண்மீன் பிறப்பது அதில்தான். சரி, சுவர் உண்மை. எனக்கு ஏன் 12? 12-ஐ 9-ஆல் வகுத்துப் பார்த்தபோது பளிச்சென்று பட்டது: ஹீலியம்! 21 செ.மீ. ஒளிர்வை வாயு அடர்த்தியாக மாற்றும், 0.020 என்று தொடங்கும் சூத்திரத்தில், ஹைட்ரஜனோடு கலந்திருக்கும் ஹீலியத்தின் நிறையைச் சேர்ப்பதற்கான 1.36 என்ற பெருக்கல் எண் ஏற்கெனவே இருக்கிறது, நான் இன்னொரு முறை பெருக்கியிருக்கிறேன். அந்த ஒரு வரியை அழித்து ஓட்டினேன், சுவர் நகர்ந்து 9-ஐ ஒட்டி வந்து நின்றது. எழுந்து நின்று கைதட்டினேன்.

கார்பன் மோனாக்சைடு படத்தையும் முதல் நாளே இறக்கிவிடுங்கள். மூலக்கூறு வாயுவை அதிலிருந்துதான் கணிக்கிறோம். அதை அச்சில் போட்டதும் புள்ளிகள் கோடு பிடித்து ஏறின. இப்போதைய வேகத்தில் அந்த வாயு தீர ஏறக்குறைய 200 கோடி ஆண்டு.

அதற்காக அணு ஹைட்ரஜனை ஒதுக்கிவிடாதீர்கள். கேலக்ஸிகளின் வெளிவிளிம்பில் அது அடர்ந்த இடங்களில்தான் புற ஊதா ஒளியும் கூடுகிறது. அங்கே பிறப்பு அவ்வளவு மெதுவாக நடப்பதால், இருக்கிற வாயு தீரப் பிரபஞ்சத்தின் வயதும் போதாது. நான் உள்வட்டத்தோடு படத்தை வெட்டியிருந்தேன், நாளை விளிம்புவரை திரும்ப ஓட்ட வேண்டும்.