புக்கெட் முகாம் நாட்குறிப்பு

ஜூன் 9, 2025, திங்கள்

முய் தாய் எனும் தாய்லாந்துக் குத்துச்சண்டையைப் பழக இந்தத் தீவுக்கு வந்திருக்கிறேன். சலோங் பகுதியிலுள்ள தா-இயத் தெருவில் முய் தாய் கூடங்களும் உடற்பயிற்சி நிலையங்களும் அடுத்தடுத்து நிற்கின்றன. முழங்கையிலும் முட்டியிலும் கட்டுப் போட்ட இருவரை உணவகத்தில் கண்டு, சண்டையில் பட்ட காயமா என்று விசாரித்தேன்; இருவருமே வாடகை ஸ்கூட்டரிலிருந்து விழுந்தவர்கள். கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் 125 சிசி வண்டிகள். இரு சக்கர வாகனத்துக்குச் செல்லுபடியாகும் தாய்லாந்து உரிமமோ பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியோ இல்லாமல் அவற்றை ஓட்டுவது சட்டப்படி குற்றம். விபத்து நேர்ந்தால் பயணக் காப்பீடும் பெரும்பாலும் கைவிரித்துவிடும். முய் தாய் பயிற்சியில் ஏற்படும் காயத்தையே விலக்கிவைக்கும் பாலிசிகளும் உண்டு என்பதால், ஊரிலேயே கூடுதல் தொகை கட்டி அதைச் சேர்த்துக்கொண்டுதான் புறப்பட்டேன். பிணையாகக் கடவுச்சீட்டையே கேட்ட கடையிலிருந்து வெளியே வந்து, செயலி மூலம் காரை வரவழைத்தேன்.

ஜூன் 11, புதன்

மாலை வகுப்பில் பக்கத்திலிருந்த இளைஞர், பயிற்றுநர் கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் ஏதோ பதில் சொன்னார். பயிற்றுநர் அந்தக் கணமே, அடிகளைத் தாங்கக் கையில் மாட்டியிருந்த பேடுகளைக் கழற்றி எறிந்துவிட்டு, அவரை நிழலில் படுக்கவைத்து, உடல் முழுவதும் குளிர்ந்த நீரை ஊற்றி, மின்விசிறியைத் திருப்பிவைத்து, 1669 என்ற அவசர எண்ணை அழைக்கச் சொன்னார். வெயில் தாக்கத்தில் பேச்சு குழறினால் ஆம்புலன்ஸ் வரும்வரை காத்திராமல் உடலைக் குளிர்விக்கத் தொடங்க வேண்டும். உடல் இந்த வெக்கைக்குப் பழக ஒன்றிரண்டு வாரங்கள் ஆகும் என்பதை அறிந்தும், கட்டிய பணத்துக்காக முதல் நாளிலிருந்தே இரு வேளையும் பயிற்சி செய்கிறார்களே என்று எனக்கு வருத்தமாக இருக்கிறது. அளவு மீறினால் தசை இழைகள் சிதைந்து சிறுநீரகத்தையும் பாதிக்கக்கூடும். சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனால் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

ஜூன் 14, சனி

நை ஹான் கடற்கரையில் சிவப்புக் கொடி. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் இந்தக் கரையில் ஆளைக் கடலுக்குள் இழுத்துச்செல்லும் நீரோட்டம் கடுமையாக இருக்கும் என்பதால், நன்றாக நீந்தத் தெரிந்தவரும் இறங்கக் கூடாது. மணலில் நடந்துவிட்டுத் திரும்பினேன்.

ஜூன் 16, திங்கள்

கணுக்காலுக்கு மேல் ஒரு சிராய்ப்பு. வியர்வை ஊறிய விரிப்புகளில் இத்தகைய காயம் எளிதில் சீழ்பிடிக்கும் என்பதால், சோப்புப் போட்டுக் கழுவி, மூடிக் கட்டி, பயிற்றுநரிடமும் காட்டினேன். காயம் ஆறும்வரை மற்றவர்களோடு கட்டிப்பிடித்துச் செய்யும் பயிற்சி கிடையாது என்று அவர் உறுதியாகச் சொல்லிவிட்டார்; சிவந்த இடம் பரவினாலோ காய்ச்சல் வந்தாலோ உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.