தூங்கிய கால்

சென்ற வாரம் என் மகள் என் கவிதைக் குறிப்பேட்டைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, "இதுல நான் எங்கம்மா இருக்கேன்?" என்று கேட்டாள். அந்த ஏட்டின் பக்கமெல்லாம் அவள்தான் இருக்கிறாள். முதல் பல் விழுந்த மாலையும், காய்ச்சலில் என் தோளை விட்டு இறங்க மறுத்த இரவும் அதில் இருக்கின்றன. ஆறு வயதாகியும் அவளுக்குத் தமிழ் எழுத்து தெரியாது, நான் கற்றுத்தரவில்லை. வரிகளின்மேல் விரலை ஊர்த்தி அவள் தன் பெயரைத் தேடியபோது என் நெஞ்சில் சுருக்கென்றது.

நாடு மாறி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. பேருந்து நேரங்கள் மனப்பாடம். குளிருக்கு எந்த உடுப்பு என்பதைச் சன்னல் வழியே பார்த்தே சொல்லிவிடுவேன். நீண்ட கவிதை எழுதுமளவுக்குத் தொடர்ந்த ஒரு மணி நேரம் மட்டும் இங்கே வாய்க்கவில்லை. ஜப்பானியரின் ஹைக்கூவைப் பற்றிப் பாரதி 1916ஆம் ஆண்டிலேயே தமிழில் எழுதியிருக்கிறார் என்று கல்லூரியில் படித்தது நினைவுக்கு வர, மூன்று வரிகளில் எழுதத் தொடங்கினேன். அசை எண்ணி எழுதவில்லை; அடுப்பில் பால் பொங்குவதற்குள் முடியவேண்டும் என்பது ஒன்றே என் இலக்கணம்.

ஒற்றைக் கையுறை.
மற்றதைத் தேடி எடுப்பதற்குள்
பேருந்து போய்விட்டது.

அவள் உறங்கிய பிறகே
என் காதில் விழுகிறது,
பகலெல்லாம் அவள் கேட்ட கேள்வி.

குழந்தையைப் பாடுவது நமக்குப் புதிதல்ல. பிள்ளைத்தமிழில் பருவங்கள் 10, பருவத்துக்குப் பாடல்கள் 10. ஒரு கையளவு உயிருக்கு 100 பாடல்கள்! ஐந்தாம் மாதத்தில் குழந்தை கைகளை ஊன்றித் தலை தூக்கி ஆடுவதற்குச் செங்கீரை என்றே பெயரிட்டு வைத்தவர்கள் நம்மவர்கள். அவற்றுள், குழந்தையோடு விளையாட வா என்று நிலவை அழைக்கும் அம்புலிப் பருவம்தான் என்னை இங்கே அலைக்கழிக்கிறது. கோடையில் இரவு ஒன்பது மணிக்கும் வெயில் அடிக்கிறது. நிலவு தெரியும் நேரத்தில் அவள் ஆழ்ந்து உறங்குகிறாள். குளிர்காலத்திலோ மேகம் விலகுவதில்லை. ஊரில் மொட்டைமாடியில் என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு அம்மா வானத்தைக் காட்டிய கை, வளையல் சரிந்த அந்த முழங்கை, இப்போதும் என் கண்முன் நிற்கிறது. இந்த ஊர் எனக்குப் பழகிவிட்டது என்று எழுத நினைத்துத்தான் இந்தப் பத்தியைத் தொடங்கினேன்.

ஏட்டில் எனக்கு மிகவும் பிடித்த கவிதை ஒரு பிழையிலிருந்து பிறந்தது. ஒரு நாள் வெகுநேரம் சம்மணமிட்டு அமர்ந்திருந்தவள் எழுந்து, "அம்மா, என் கால் தூங்கிடுச்சு" என்றாள். பள்ளியில் பேசும் மொழியில் அப்படித்தான் சொல்வார்கள். அதை அவள் அப்படியே தமிழுக்குக் கொண்டுவந்திருந்தாள். "மரத்துப்போச்சுன்னு சொல்லணும்" என்று திருத்த வாயெடுத்தேன். அதற்குள் அவள் குனிந்து தன் பாதத்தைத் தடவிக்கொடுத்தாள், உறங்கும் பிள்ளையைத் தடவுவதுபோல. நான் வாயை மூடிக்கொண்டேன். மரம்போலாகிவிட்ட கால் நம்முடையது. தூங்குகிற கால் அவளுடையது. இரண்டுமே நல்ல தமிழாகத்தான் எனக்குப் பட்டன. பிள்ளைகளின் பேச்சைத் திருத்துவதற்குமுன் எழுதிவைத்துவிட வேண்டும் என்பதில் அன்றுமுதல் நான் உறுதியாக இருக்கிறேன். திருத்திய சொல் அகராதியில் என்றும் கிடைக்கும். அவள் சொன்ன சொல் மறுநாள் அவளிடமே இருக்காது.

கால் தூங்கிவிட்டதாம்.
ஓசையின்றி நடக்கிறாள்,
அதை எழுப்பிவிடாமல்.

அந்தப் பக்கத்தைத் திருப்பி, ஏட்டை நேராகப் பிடித்து, அவளை மடியில் இருத்தி வாசித்துக் காட்டினேன். மிகுந்த கவனத்துடன் கேட்டாள். பிறகு, "நான் அப்படி நடக்கல. நொண்டி நொண்டித்தான் நடந்தேன்" என்றாள். உண்மைதான், நடந்தது அதுவே. நடு வரியை அடித்துவிட்டு, அவள் பார்த்துக்கொண்டிருக்க, 'நொண்டி நொண்டி நடக்கிறாள்' என்று எழுதினேன். 'நொ' என்ற எழுத்து ஒரே வரியில் இரண்டு முறை வருவதை அவளே கண்டுபிடித்து விரல் வைத்துக் காட்டினாள்.