கால் அடிச்சா பின்னாடி போற ஆளு

நீச்சல் பூல்ல கிக் போர்ட, அதாவது கையில புடிச்சுக்கிட்டு கால் மட்டும் அடிச்சுப் பழகற மிதவைப் பலகைய, புடிச்சுக்கிட்டு ஒரு நிமிஷம் உயிரக் குடுத்து கால் அடிச்சேன். நிமிர்ந்து பார்த்தா கிளம்பின சுவரு இன்னும் கைக்கெட்டுற தூரத்துலயே இருக்கு. சுவத்த உதைச்சு கிளம்பினப்போ கிடைச்ச தூரத்துல பாதிய நானே கால் அடிச்சு திருப்பிக் குடுத்துட்டேன். பக்கத்து லேன்ல இருந்தவரு சிரிப்ப அடக்கிக்கிட்டு காகிள்ஸ சரி பண்ற மாதிரி திரும்பிக்கிட்டாரு.

இதுல மாயம் ஒண்ணும் இல்லீங்க. வருஷக்கணக்கா ஓடி, பெடல் மிதிச்சு, கணுக்கால் இறுகிப் போனவங்க நிறைய பேருக்கு நடக்கறதுதான். கட்டை விரல் நுனி வரைக்கும் பாதம் நேரா நீண்டா அடிக்கும்போது தண்ணி பின்னாடி போகும், நாம முன்னாடி போவோம். என் பாதம் கொக்கி மாதிரி மடங்கியே நிக்குது, அது தண்ணிய முன்பக்கமா இழுத்து விடுது, அப்புறம் நான் எங்க போவேன்.

ஓட்டம் எனக்கு ரொம்ப வருஷப் பழக்கம், சைக்கிள் அதுக்கப்புறம் வந்து ஒட்டிக்கிச்சு, ரெண்டு வந்துடுச்சு மூணாவதும் வந்துடும்னு ஒரு குருட்டு தைரியத்துல ஒலிம்பிக் டிஸ்டன்ஸ் ட்ரையத்லானுக்கு பேரு குடுத்துட்டேன். 1.5 கிலோமீட்டர் ஸ்விம், 40 கிலோமீட்டர் பைக், 10 கிலோமீட்டர் ரன். நீச்சல் சுத்தமா தெரியாதுன்னு இல்ல, சின்ன வயசுல கத்துக்கிட்டது, மூழ்க மாட்டேன், அந்த அளவுக்குத்தான் தெரியும். அன்னைக்கு தண்ணிய விட்டு வெளிய வர 44 நிமிஷம் ஆச்சு. ட்ரான்சிஷன்ல, அதாவது நீச்சல்ல இருந்து சைக்கிளுக்கு மாறுற இடத்துல, என் சைக்கிள தேட வேண்டிய வேலையே இல்ல, அந்த வரிசையில அது மட்டும் தனியா நின்னுட்டு இருந்துச்சு.

எல்லாரும் ஒரு ஆறுதல் சொல்வாங்க, ஸ்விம் மொத்த ரேஸ்ல சின்னப் பகுதிதான, எப்படியாவது கரையேறு, பைக்ல புடிச்சுக்கலாம்னு. நானும் நம்பினேன். ஆனா தண்ணியில தொலைஞ்ச நிமிஷம் கூட பரவால்ல, கரையேறும்போது நாம எந்த நிலைமையில இருக்கோம்ங்கறதுதான் கணக்கு. நான் ஏறும்போது நெஞ்சு அடிச்ச அடி காதுல கேட்டுச்சு, கை தோளோட கழண்டு விழற மாதிரி இருந்துச்சு, வெட்சூட், அதான் நீந்தறப்போ போடற இறுக்கமான ரப்பர் டிரஸ், அதோட ஜிப்ப கழட்டவே ரெண்டு நிமிஷம் ஆச்சு, பைக்ல முதல் 10 கிலோமீட்டர் மூச்சு வாங்கறதுலயே போச்சு. என்னோட பலமே பைக்தான், அதையும் சேர்த்து தண்ணியிலயே தொலைச்சுட்டு வந்தேன்.

அதுக்கப்புறம் கிட்டத்தட்ட ஒரு வருஷம் வீணாக்கினேன், அத ஒளிக்காம சொல்லிடறேன். ஓட்டத்துல நமக்கு தெரிஞ்ச மருந்து ஒண்ணே ஒண்ணுதான், வேகம் வரலயா, இன்னும் ஓடு, இன்னும் கஷ்டப்படு. அதையே பூல்ல பண்ணேன். வாரத்துல ஒரு நாள், ஞாயித்துக்கிழமை, ஒரேடியா 2 கிலோமீட்டர், பல்லக் கடிச்சுக்கிட்டு. டைமிங் அசையவே இல்ல. ஏன்னு இப்போ புரியுது. தண்ணி காத்த விட கிட்டத்தட்ட 800 மடங்கு அடர்த்தி. நாம வேகத்த கூட்டினா தண்ணி குடுக்கற எதிர்ப்பு அந்த வேகத்தோட வர்க்கத்துல ஏறும், அதுக்கு வேண்டிய பவர் கனத்துல (மூணாவது அடுக்குல) ஏறும். அதாவது 10 சதவீதம் வேகமா போகணும்னா மூணுல ஒரு பங்கு பவர் கூடுதலா போடணும். அந்த பவர சம்பாதிக்கறத விட எதிர்ப்ப குறைக்கறது எவ்வளவோ சுலபம். எனக்கு இருந்த ஃபிட்னஸ் எல்லாம் இடுப்புக்கு கீழ நங்கூரம் மாதிரி தொங்கிட்டு இருந்த கால இழுத்துட்டுப் போறதுக்கே செலவாயிட்டு இருந்துச்சு.

கடைசியில வெட்கத்த விட்டுட்டு ஒரு கோச்சுகிட்ட போனேன். நாலு லேப் பார்த்தாரு, பார்த்துட்டு கை பத்தி, கால் பத்தி எதுவுமே சொல்லல. "மூச்ச எங்க விடறீங்க?"ன்னு கேட்டாரு. தலைய திருப்பினதும் விட்டுட்டு உடனே இழுக்கறேன் சார்னு சொன்னேன். "அந்த அரை செகண்டுல ரெண்டு வேலையா?"ன்னாரு. அவ்வளவுதான் அன்னைக்கு கிளாஸ். மீதி அரை மணி நேரம் சுவத்த புடிச்சுக்கிட்டு முகத்த தண்ணிக்குள்ள வச்சு குமிழி விட்டுட்டு இருந்தேன், இதுக்கு காசா குடுத்தோம்னு உள்ளுக்குள்ள கடுப்பு வேற.

ஆனா அவரு சொன்னதுதான் சரி. நமக்கு மூச்சு முட்டறது பெரும்பாலும் ஆக்சிஜன் தீர்ந்து போயி இல்ல, உள்ள கார்பன் டை ஆக்சைடு சேர்ந்து போயி. நான் முகம் தண்ணிக்குள்ள இருக்கற நேரம் பூரா மூச்ச கட்டி வச்சிருந்தேன், அது சேர்ந்து சேர்ந்து 50 மீட்டர்லயே உடம்பு பதற ஆரம்பிச்சுடும், பதறினா தலைய மேல தூக்குவேன், தலை தூக்கினா இடுப்பு கீழ போகும், இடுப்பு கீழ போனா இன்னும் கஷ்டம், இன்னும் பதட்டம். 20 கிலோமீட்டர் ஓடறவன் 50 மீட்டர்ல ஏன் செத்துப் போறான்ங்கற புதிருக்கு விடை இவ்வளவுதான். தண்ணிக்குள்ள நிதானமா, மெல்லிசா ஹம் பண்ற மாதிரி தொடர்ந்து விட்டுக்கிட்டே இருக்கணும், தலை திரும்பும்போது இழுக்கற வேலை மட்டும்தான் பாக்கி இருக்கணும். சொல்ல சுலபம், எனக்கு அது பழக மூணு வாரம் ஆச்சு.

அடுத்தது புல் பாய். கால் நடுவுல வச்சுக்கற அந்த நுரைக் கட்டை இருக்கே, அத வச்சா எனக்கு 100 மீட்டருக்கு 15 செகண்ட் குறையும். பெரிய சந்தோஷம், முழு செஷனும் அத வச்சே ஓட்டுவேன். கோச் அத புடுங்கி வச்சுக்கிட்டு விளக்கினாரு. நல்லா நீந்தறவங்களுக்கு புல் பாய் வச்சா அவ்வளவு பெரிய லாபம் இருக்காது, உங்களுக்கு இவ்வளவு லாபம் வருதுன்னா அது மருந்து இல்ல, உங்க கால் எவ்வளவு மூழ்குதுங்கறதுக்கு ரிப்போர்ட்னாரு. நுரையீரல்ல காத்து இருக்கறதால நெஞ்சு தானா மிதக்கும், கனமான காலு கீழ இறங்கும், தராசு மாதிரி. அதனால முன்ன பார்க்காம நேரா கீழ தரைய பார்த்து, நெஞ்ச லேசா தண்ணிக்குள்ள அழுத்தினா பின்பக்கம் தானா மேல வருது. முதல் தடவ அது சரியா வந்தப்போ பின்புறத்துல காத்து பட்டுச்சு, என்னடா குளிருதுன்னு நினைச்சேன்!

டிரில், அதாவது நீச்சல் நுட்பத்த துண்டு துண்டா பழகற பயிற்சி, அந்த விஷயத்துல எனக்கு ஒரு கருத்து இருக்கு, திட்டாதீங்க. வீடியோல காட்டற பத்து டிரில்லையும் ஒரே நாள்ல பண்றது சும்மா நேரம் போக்கறது. எனக்கு வேலை செஞ்சது ரெண்டே ரெண்டு. ஒரு பக்கமா படுத்து ஒரு கைய நீட்டிக்கிட்டு கிக் பண்றது, அதுவும் கால்ல ஃபின்ஸ் (துடுப்பு மாதிரி மாட்டறது) போட்டுக்கிட்டு, ஃபின்ஸ் இல்லன்னா நான் தான் பின்னாடி போற ஆளாச்சே. இன்னொன்னு முஷ்டிய மூடிக்கிட்டு நீந்தறது. உள்ளங்கை இல்லாதப்போ முழங்கையில இருந்து மணிக்கட்டு வரைக்கும் தண்ணிய புடிக்க வேண்டி வரும், முழங்கைய கீழ போட்டுட்டு வெறும் கைய வழிச்சு விடற என்னோட பழக்கம் அங்க செல்லாது. இப்படி தண்ணிய புடிக்கறதத்தான் கேட்ச் கேட்ச்னு எல்லாரும் சொல்றாங்கன்னு எனக்கு அப்போதான் விளங்குச்சு.

ஆனா எல்லாத்த விட பெரிய மாற்றம் நாள் கணக்குலதான். ஞாயித்துக்கிழமை 2 கிலோமீட்டர தூக்கிப் போட்டுட்டு செவ்வாய், வியாழன், சனி மூணு நாள், ஒவ்வொரு நாளும் 40 நிமிஷம் மட்டும். தண்ணியோட பழக்கம் ஏழு நாள் இடைவெளியில ஆவியாயிடுது, ரெண்டு நாள்ல அவ்வளவா போறதில்ல. அதுலயும் நீளமா நீந்தறது கிடையாது. 16 தடவ 50 மீட்டர், நடுவுல 15 செகண்ட் ரெஸ்ட், ஸ்ட்ரோக் (கை வீச்சு) எண்ணிக்கிட்டே. 25 மீட்டருக்கு 24 ஸ்ட்ரோக் தாண்டிட்டா ஃபார்ம் உடைஞ்சாச்சுன்னு அர்த்தம், நிறுத்திடுவேன். களைச்சுப் போயி தப்பா நீந்தற ஒவ்வொரு லேப்பும் அந்த தப்பத்தான் மனப்பாடம் பண்ணும்.

டைமிங் கேட்பீங்க, சொல்றேன். சிஎஸ்எஸ், அதாவது கிரிட்டிகல் ஸ்விம் ஸ்பீட்னு ஒரு டெஸ்ட் இருக்கு, 400 மீட்டர் முழு மூச்சா ஒரு தடவ, நல்லா ரெஸ்ட் எடுத்துட்டு 200 மீட்டர் ஒரு தடவ, பெருசுல இருந்து சின்னத கழிச்சு ரெண்டால வகுத்தா நாம தாக்குப் புடிக்கக்கூடிய 100 மீட்டர் பேஸ் கிடைக்கும். ஆரம்பத்துல எனக்கு 400க்கு 10 நிமிஷம் 40 செகண்ட், 200க்கு 5 நிமிஷம், ஆக 2:50. ஏழு மாசம் கழிச்சு 9:04, 4:20, ஆக 2:22. வேகமா நீந்தறவங்க இத படிச்சா சிரிப்பாங்க, சிரிச்சுக்கோங்க, எனக்கு 100 மீட்டருக்கு 28 செகண்ட் குறைஞ்சிருக்கு, அதுவும் முன்ன விட கம்மியா மூச்சு வாங்கிக்கிட்டு.

போன மாச ரேஸ்ல ஸ்விம் 38 நிமிஷம். பூல் கணக்குப்படி 36க்குள்ள வந்திருக்கணும். வாட்ச்ச பார்த்தா 1500க்கு பதிலா 1640 மீட்டர் நீந்தியிருக்கேன்! ஜிபிஎஸ் தண்ணியில கொஞ்சம் உளறும்தான், ஆனா 140 மீட்டர் பூரா அது தலையில கட்ட முடியாது. நான் வலது பக்கம் மட்டும்தான் மூச்சு எடுப்பேன், அதனால நேரா போறதா நினைச்சுக்கிட்டே வலப்பக்கமா சாஞ்சுக்கிட்டே போயிருக்கேன். பூல்ல கீழ கருப்புக் கோடு இருக்கு, காப்பாத்திடும், ஏரியில என்ன இருக்கு, பச்சையா ஒரு இருட்டுதான். சைட்டிங்குக்கு, அதாவது போற திசைய பார்க்க, தலைய தூக்கறப்போ திரும்ப பழைய படி இடுப்பு இறங்குது, முதலை மாதிரி கண்ண மட்டும் மேல கொண்டு வரணும்னு சொல்றாங்க, என் மூக்கு வாய் எல்லாம் சேர்ந்தே வருது. நடுவுல ஒரு 300 மீட்டர் மட்டும் முன்னாடி போனவரு காலுக்கு பின்னாடியே ஒட்டிக்கிட்டு போனேன். இப்படி ஒருத்தர் பின்னாடி ஒட்டிக்கிட்டு போறதுக்கு பேரு டிராஃப்டிங், பைக்ல தான் நம்மள மாதிரி ஆளுங்களுக்கு அது பெரும்பாலும் கூடாது, தண்ணியில அனுமதி உண்டு, அந்த குமிழிய பார்த்துக்கிட்டே போறப்போ எவ்வளவு சுகம் தெரியுமா. அவரும் நேரா போகல, அது வேற விஷயம்.

ஆனா இந்த தடவ சைக்கிள் கிட்ட போனப்போ அதே வரிசையில இன்னும் ஆறேழு சைக்கிள் நின்னுட்டு இருந்துச்சு. வெட்சூட் ஒரே இழுப்புல வந்துச்சு.

இப்போ இடது பக்கம் மூச்சு எடுக்க பழகிட்டு இருக்கேன். நேத்து 4 லேப் இடது மட்டும் எடுத்துப் பார்த்தேன், ரெண்டாவது லேப்ல ஒரு வாய் தண்ணி குடிச்சேன், மூணாவதுல லேன் கயித்து மேல ஏறிட்டேன். சனிக்கிழமை திரும்ப அதே 4 லேப்.